நல்ல கத்தியை டிஷ்வாஷரில் போடலாமா?

லாஸ்பேட்டை வாசகி கேட்டது, 2024 மே 18

வீட்டுக்குப் புதிதாக டிஷ்வாஷர் வந்திருக்கிறது. தட்டு, டம்ளர், குக்கர் எல்லாம் இப்போது அதில்தான். ஜெர்மனியில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு நல்ல கத்தி கொண்டுவந்தான். சோலிங்கன் என்று பொறித்திருக்கிறது, அங்கே கத்திக்குப் பேர்போன ஊராம். அதை மெஷினில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். சூட்டில் கூர் போய்விடும் என்று என் மாமியாரும் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. சாப்பிடும் தட்டையே போடுகிறோம், அதுவும் இரும்பு, இதுவும் இரும்பு. மீன் வெட்டிய கத்தியைக் கையால் எவ்வளவு தேய்த்தாலும் வாடை போவதில்லை. கொதிக்கக் கொதிக்க மெஷினில் கழுவினால்தானே சுத்தம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில், 2024 மே 18, இரவு

போடாதீர்கள் அம்மா. கையால் கழுவி, உடனே துடைத்து, காய்ந்த இடத்தில் வையுங்கள். மகன் சொன்னது சரி. மாமியார் சொன்னதும் சரிதான், காரணம் மட்டும் வேறு. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். காலையில் ஒரு சீமந்தச் சாப்பாடு இருக்கிறது, காய் அரியணும்.

2024 மே 19

முதலில் சூட்டைப் பற்றி, ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். வீட்டு டிஷ்வாஷரில் தண்ணீர் மிஞ்சிப் போனால் 70 டிகிரி வரும். கத்தி செய்கிற இடத்தில் இரும்பை 800, 1000 டிகிரி என்று செக்கச் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று ஆறவைத்து, அப்புறம் 150 முதல் 200 டிகிரி வரை மறுபடி சூடு காட்டிப் பதம் செய்கிறார்கள். அந்தப் பதம் இறங்க வேண்டுமானால் அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். 70 டிகிரித் தண்ணீரால் அதைத் தொடக்கூட முடியாது. கொதிக்கிற குழம்பில் கத்தி விழுந்தாலும் கூர் போகாது.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? ஈரம் நிற்கும் நேரம்தான் காரணம். கையால் கழுவினால் கத்தி நனைவது ஒரு நிமிடம். மெஷினில் இரண்டு மணி நேரம், சிலதில் மூன்று மணி நேரம், சூடான தண்ணீரிலும் ஆவியிலும் கிடக்கிறது. மெஷினுக்குப் போடும் தூளில் சலவைச் சோடா வகைதான் பெரும்பங்கு, கை சோப்பைவிடக் காரம் அதிகம். ராத்திரி ஓடவிட்டுக் கதவைத் திறக்காமல் படுத்தால் விடியும்வரை அந்த ஆவியிலேயே கிடக்கும்.

அடுத்தது இடிபடுவது. தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போது கத்தி ஆடி ஆடிப் பக்கத்துத் தட்டிலும் கம்பிக் கூடையிலும் தட்டிக்கொண்டே இருக்கும். கத்தியின் வாய் தலைமுடியைவிட மெல்லியது. அதில் கண்ணுக்குத் தெரியாத பல் விழும், மடங்கும். வெளியே எடுத்துப் பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். தக்காளியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், தோல் மேல் வழுக்கிக்கொண்டு போகும். "சூட்டில் கூர் போச்சு" என்று பெரியவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

இனி, "தட்டும் இரும்பு, கத்தியும் இரும்பு." இது நல்ல கேள்வி, பலரும் கேட்பதில்லை. ஒரு காந்தத்தை எடுங்கள். நல்ல எவர்சில்வர் தட்டில் ஒட்டாது. கத்தியில் கப்பென்று பிடித்துக்கொள்ளும். தட்டில் குரோமியம் நூற்றுக்குப் பதினெட்டு, நிக்கல் எட்டு, கரி, அதாவது கார்பன், மிகமிகக் குறைவு. அதனால் துரு அண்டாது, ஆனால் கூர் தாங்காது. எவர்சில்வர் தட்டின் விளிம்பைத் தீட்டிக் கத்தியாக்க முடியாது. கத்தி கூர் தாங்க வேண்டுமென்றால் இரும்பில் கரி சேர வேண்டும். பல சோலிங்கன் கத்திகளில் கரி நூற்றுக்கு அரை, குரோமியம் பதினைந்து, நிக்கல் இல்லை. அந்தக் கரி கொஞ்சம் குரோமியத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. மிச்சம் இருப்பதுதான் துருவைத் தடுக்கிறது. ஆக உங்கள் கத்திக்குத் துருவை எதிர்க்கும் சக்தி உண்டு, தட்டுக்கு இருக்கும் அளவு கிடையாது.

1913ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்கிற உருக்கு ஆய்வாளர் துப்பாக்கிக் குழலுக்காகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது கண்ட துருப்பிடிக்காத இரும்பு இந்தக் கத்தி வகைதான். ஷெஃபீல்டு கத்திக்குப் பேர்போன ஊர் என்பதால் அது நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டது.

2024 மே 21

நெல்லிக்குப்பத்து அண்ணன் எழுதியிருக்கிறார்: அவர் வாங்கிய கத்தியின் அட்டையிலேயே மெஷினில் போடலாம் என்று அச்சடித்திருக்கிறதாம்.

இருக்கும் அண்ணே. கைப்பிடி வெடிக்காது, பிளாஸ்டிக் உருகாது, கத்தி கழன்று விழாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கூர் அப்படியே நிற்கும் என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. உள்ளே மடித்து வைத்திருக்கும் சின்னத் தாளையும் எடுத்துப் படியுங்கள். நல்ல கத்தி செய்பவர்கள் பெரும்பாலும் அங்கே "கையால் கழுவுவது நல்லது" என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள்.

2024 மே 26

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று ஒருவர் கேட்டார். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். அதற்கு முன் பல வருஷம் புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கம் ஒரு ஓட்டல் அடுப்படியில் வேலை.

அங்கே பெரிய டிஷ்வாஷர் உண்டு. வீட்டு மெஷின் மாதிரி மணிக்கணக்கில் ஓடாது, சில நிமிடங்களில் ஒரு கூடை வெளியே வரும், கடைசி அலசல் 82 டிகிரி. அப்படிப்பட்ட மெஷின் பக்கத்திலேயே இருந்தும் சமையல்காரர் யாரும் தன் கத்தியை அதில் வைக்க மாட்டார். வேலை முடிந்ததும் அவரவர் கத்தியை அவரவரே சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, துணியில் சுருட்டி எடுத்துவைப்போம். இன்னொருவர் கத்தியை இன்னொருவர் தொடுவதும் கிடையாது. எடுத்துக் கொடுக்க நேர்ந்தால் கையில் கொடுக்காமல் மேடையில் வைப்போம், அவர் எடுத்துக்கொள்வார். எங்கள் ஆத்தாவும் அருவாமனை, கத்தி எதையும் கைக்குக் கை தர மாட்டார், சண்டை வரும் என்பார். அடுப்படியில் பார்த்தால் அது வெறும் நம்பிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை, விரல் தப்பிக்கும் வழி.

அங்கே கற்றுக்கொண்ட இன்னொன்று: கத்தியைச் சிங்க்கில் போடாதே. நுரைத் தண்ணீருக்குள் கத்தி கிடப்பது தெரியாமல் அடுத்தவர் கையை விடுவார். வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காக்களின் கை பெரும்பாலும் அப்படித்தான் கிழிகிறது. வெட்டி முடித்தவுடன் கத்தியை நீங்களே கழுவி வைத்துவிடுங்கள்.

2024 மே 27

நேற்று விட்டுப்போனது. உப்பு.

டிஷ்வாஷரில் உப்புப் போட ஒரு குழி இருக்கிறது, கடினத் தண்ணீரை மென்மையாக்க. நம் பக்கம் கடற்கரையை ஒட்டிய பல தெருக்களில் போர் தண்ணீரே உப்பும் சுண்ணாம்புமாக வருகிறது, அதனால் அந்த உப்பு நமக்கு அதிகம் செலவாகும். அந்தக் குழியின் மூடி சரியாக இறுகாவிட்டாலும், உப்பு கொட்டும்போது வெளியே சிந்தினாலும், கழுவும் தண்ணீரில் உப்பு கலந்துவிடும். கத்தி இரும்புக்கு உப்பைப் போல எதிரி வேறில்லை. ஊசி குத்திய மாதிரி புள்ளிப் புள்ளியாக அரிக்கும். தேய்த்தால் துருவின் நிறம் போகும், குழி போகாது. உப்பு நிரப்பியவுடன் வெறும் மெஷினை ஒரு முறை அலசவிட்டுவிட்டுப் பாத்திரத்தை வைப்பது நல்லது.

அப்புறம், மெஷினில் எங்கோ ஒரு துருப்பிடித்த ஆணியோ, கரண்டியோ, பழைய கம்பி நாரின் துணுக்கோ இருந்தால் அதன் துரு மிதந்து வந்து நல்ல கத்தியில் உட்காரும். கத்திதான் துருப்பிடித்தது என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள், முதலில் கூடையைப் பாருங்கள்.

2024 ஜூன் 2

லாஸ்பேட்டை அம்மா மறுபடி மீன் வாடைக்கு வந்துவிட்டார். நியாயம்தான், அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மீன் வெட்டிய கத்தியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீரில் வேண்டாம். ரத்தமும் கொழகொழப்பும் சூடு பட்டால் வெந்து கெட்டிப்பட்டுக் கைப்பிடி இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். முட்டைப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள். பச்சைத் தண்ணீருக்குப் பிறகு சோப்பு, அதற்குப் பிறகு வேண்டுமானால் வெந்நீர்.

கடல் மீன் வாடைக்குக் காரணம் அமீன் என்கிற காரத்தன்மை கொண்ட பொருள். காரத்தைப் புளிப்புதான் அடக்கும். மீன் குழம்புக்குப் புளி, வறுவலுக்கு எலுமிச்சை என்று நம்மவர்கள் சேர்ப்பதில் இதுவும் ஒரு லாபம். மெஷின் தூளும் காரம்தான் என்பதால் வாடை விஷயத்தில் அதற்குப் பெரிய சாமர்த்தியம் இல்லை, அடித்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கை இருக்குமே, அதை எடுத்துக் கத்தியின் இரண்டு பக்கமும், கைப்பிடியும் சேர்த்துத் தேய்த்து, உடனே கழுவித் துடையுங்கள். உடனே என்பது முக்கியம். புளியை அப்பிவிட்டுப் போன் பேசப் போனால் இரும்பு கறுத்துவிடும்.

தேய்க்கும்போது கை கத்தியின் முதுகிலிருந்து வாயை நோக்கிப் போகட்டும், வாய் நெடுகப் போகக் கூடாது. பஞ்சு அல்லது தேங்காய் நார் போதும். கம்பி நார் வேண்டாம், அது போடும் கீறலில்தான் அடுத்த துரு தொடங்கும்.

கிருமி பற்றி: மெஷின் சூட்டில் நிறையச் சாகும், உண்மை. சோப்பும் கை அழுத்தமும் நல்ல தண்ணீரும் அதன்பின் காய்வதும் வீட்டுக்குப் போதும். எனக்கு அதைவிடப் பயம் தருவது வேறு. கோழியோ இறாலோ வெட்டிய கத்தியைத் துணியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அதே கத்தியால் பச்சடிக்கு வெள்ளரிக்காய் வெட்டுவது. நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். கவுச்சிக்கு ஒன்று, காய்க்கு ஒன்று என இரண்டு கத்தி வைத்துக்கொள்ளுங்கள். பலகையும் இரண்டு.

2024 ஜூன் 9

பலா சீசன். பண்ருட்டித் தம்பி ஒருவர் கேட்கிறார், பலாப்பால் ஒட்டிய கத்தியை மெஷினில் போட்டால் சூட்டுக்கு விட்டுவிடாதா என்று.

விடாது தம்பி. பலாப்பால் தண்ணீரில் கரையாது, சூட்டில் இளகிப் பரவத்தான் செய்யும். மற்ற பாத்திரத்துக்கும் பிசின் வைக்கும். பழம் வெட்டுவதற்கு முன்பே கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவிக்கொள்வதுதான் வழி, உங்கள் ஊரில் இதை நான் சொல்லத் தேவையில்லை. வெட்டிய பிறகு தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுப் பழைய பேப்பரால் வழித்தெடுங்கள். எண்ணெயோடு பிசின் வந்துவிடும். அதற்கு அப்புறம்தான் சோப்பு. சிலர் மண்ணெண்ணெய் போடுகிறார்கள். சாப்பாட்டுக் கத்திக்கு அது வேண்டவே வேண்டாம்.

வாழைப்பூவும் வாழைக்காயும் வேறு கதை. அவற்றின் துவர்ப்பு, இரும்போடு சேர்ந்து கறுக்கும். பழைய இரும்புக் கத்தியும் அருவாமனையும் கறுப்பாவது அதனால்தான். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, சுரண்டாதீர்கள். அது ஒரு தோல் மாதிரி நின்று துருவைத் தடுக்கிறது. சிவப்பாக வந்தால்தான் கவலைப்படணும்.

2024 ஜூன் 23

எந்தக் கத்தி வாங்குவது என்று கேட்டுத்தான் இப்போது அதிகம் பேர் எழுதுகிறார்கள். ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

முதல் கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டியவுடன் கழுவித் துடைக்கிற பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் உண்டா? இல்லை, எல்லாம் சாயங்காலம் மொத்தமாக மெஷினுக்குத்தான் போகும் என்றால் பாத்திரக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கைப்பிடி எவர்சில்வர் கத்தி போதும். விலை குறைவு, மழுங்கினால் மனம் நோகாது. அதைத் தாராளமாக மெஷினில் போடுங்கள், மேல் தட்டில் படுக்கவைத்துப் போடுங்கள். கூடையில் முனை மேலே நீட்டிக்கொண்டிருக்க வைக்காதீர்கள். நல்ல கத்தி வாங்குவது அதைத் துடைக்க ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான்.

நல்ல கத்தியைப் படம் பார்த்து வாங்காமல், முடிந்தால் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரும்பைப் பிடிக்க, மற்ற விரல்கள் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அப்படிப் பிடித்தால் தலை கனத்து முன்னால் விழக் கூடாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாய் நெடுகப் பாருங்கள், கோணல் இருந்தால் அங்கேயே தெரியும். கைப்பிடிக்குள் இரும்பு கடைசிவரை ஓடுகிறதா, இரும்பும் கைப்பிடியும் சேரும் இடத்தில் நகம் நுழையும் இடுக்கு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அந்த இடுக்கில்தான் மீனும் தண்ணீரும் போய்த் தங்கும், உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து ஒருநாள் ஆட்டம் காணும். நீளம் எட்டு அங்குலம் பொதுவாக வசதி, சின்னக் கைக்கு ஆறு.

கடினம் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். ராக்வெல் என்று ஓர் அளவு சொல்வார்கள், எண் கூடக் கூடக் கடினம். ஜெர்மன் கத்திகள் பெரும்பாலும் 56, 58 பக்கம். ஜப்பான் கத்திகள் 60க்கு மேல். ஜப்பான் கத்தி மெல்லியது, கூர் அபாரம், ரொம்ப நாள் நிற்கும். ஆனால் வஞ்சிரம் முள்ளிலோ, பூசணித் தோலிலோ, தேங்காய் ஓட்டிலோ பட்டால் மடங்காது, உடையும். ஜெர்மன் கத்தி மடங்கும், தீட்டினால் நிமிரும். மீனும் முருங்கைக்காயும் பூசணியும் வெட்டுகிற நம் வீட்டுக்கு ஒரே ஒரு கத்திதான் என்றால் நான் ஜெர்மன் வகையைத்தான் சொல்வேன். லாஸ்பேட்டை அம்மாவின் மகன் நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

புதுச்சேரியில் பிரான்ஸ் சொந்தம் இருக்கிற வீடுகளில் மடக்குக் கத்தி ஒன்று இருக்கும், மரக் கைப்பிடி, இரும்பில் கிரீடம் வைத்த கை முத்திரை. ஓப்பினெல். 1890ல் பிரான்ஸின் சவ்வா மலைப் பகுதியில் தொடங்கியது. அதில் இரண்டு வகை உண்டு. கார்பன் என்று எழுதியிருந்தால் துருப்பிடிக்கிற இரும்பு, இனாக்ஸ் என்றால் துருப்பிடிக்காதது. பழம் நறுக்க அருமை. இரண்டையுமே மெஷினில் போடக் கூடாது, மரம் ஊறி உப்பி, கத்தியைத் திறக்க முடியாமல் இறுகிவிடும்.

கொல்லன் பட்டறைக் கத்தியை மறந்துவிடாதீர்கள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்திக்கும் அருவாமனைக்கும் நான் மரியாதை வைத்திருக்கிறேன். அந்த இரும்பில் கரி அதிகம், கூர் எளிதில் ஏறும். துடைத்து எண்ணெய் காட்டினால் பேரன் காலம்வரை வரும். தெரிந்த பட்டறை என்றால் உங்கள் கைக்கேற்பக் கைப்பிடியும் போட்டுத் தருவார்கள்.

அலை அலையாகக் கோடு போட்ட டமாஸ்கஸ் கத்தி பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடியதற்கான உருக்கு தென்னிந்தியாவிலிருந்தும் போனது. ஈரோடு பக்கம் கொடுமணலில் சங்க காலத்திலேயே இரும்பும் உருக்கும் செய்ததற்கான உலைகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். அந்த உருக்கில் கோலம் இரும்புக்குள்ளேயே இருந்தது. இப்போது விற்பது இரண்டு மூன்று வகை இரும்பை அடுக்கி அடித்தது. அதுவும் நல்ல வேலைதான், கெட்டிக்காரர் அடித்திருந்தால். ஆனால் இணையத்தில் மலிவாக வருவதில் பல, மேலே படம் போட்டவை. கத்தியின் முதுகைப் பாருங்கள். அடுக்கு உண்மையாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயும் கோடு தெரியும்.

2024 ஜூன் 24

பாண்டிச்சேரி நீள பிரெட்டுக்கு ரம்பம் மாதிரிப் பல் வைத்த கத்தி தனியாக வேண்டும். மேலே எழுத மறந்தது. அதைச் சாணைக்குக் கொடுக்காதீர்கள், பல்லை மொட்டையாக்கிவிடுவார்கள்.

2024 ஜூலை 14

தீட்டுவது.

சைக்கிளில் சாணை கட்டிக்கொண்டு தெருவில் வருவார்களே, அவர்களைப் பற்றி ஒருவர் கடுமையாக எழுதியிருந்தார். நான் அந்தப் பக்கம் சேர மாட்டேன். அருவாமனை, கொடுவாள், கத்தரிக்கோல் எல்லாம் அவர்கள் கையில் பிரமாதமாகக் கூர் ஏறும். நல்ல மெல்லிய கத்தியைக் கொடுக்கும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். சூட்டால் பதம் போகும் என்று மாமியார் சொன்னது இங்கேதான் உண்மையாகிறது. காய்ந்த சக்கரத்தில் பொறி பறக்க அழுத்திப் பிடித்தால் மெல்லிய வாய் ஒரு நொடியில் 300 டிகிரியைத் தாண்டும். நீலம் பூத்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போச்சு. மறுபடி எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது, அந்த நீலம் முழுவதும் தேய்ந்து போகும்வரை. "மெல்ல வையுங்க அண்ணே, தண்ணி தொட்டுத் தொட்டுப் பிடிங்க" என்று சொல்லுங்கள். நல்ல தொழில்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

வீட்டில் என்றால் 1000 எண் தீட்டுக்கல் ஒன்று போதும், எண் குறைந்தால் கல் சொரசொரப்பு. தண்ணீர் நனைத்து, கத்தியைக் கல்லோடு சுமார் 15 டிகிரி சாய்த்து, அந்தச் சாய்வு மாறாமல் தேயுங்கள். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் விரலில் பிசிறு தட்டும். வாய் நெடுக அது தட்டிய பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். அவசரத்துக்குப் பீங்கான் கப்பைக் கவிழ்த்து அதன் அடியில் மினுக்கு பூசாத வளையத்தில் இழுக்கலாம், பீங்கான் இரும்பைவிடக் கடினம்.

வெட்டும் இடம் சரியில்லை என்றால் இத்தனையும் வீண். கிரானைட் மேடையில் வைத்து வெங்காயம் அரிகிற வீட்டில் எந்த ஊர்க் கத்தியும் ஒரு வாரம் தாங்காது. கண்ணாடிப் பலகையும் அப்படித்தான். மரம் வையுங்கள். கறிக்கடையிலும் மீன் மார்க்கெட்டிலும் புளியமரக் கட்டை போட்டிருப்பது சும்மா இல்லை, வெட்டு வாங்கினாலும் சிம்பு சிம்பாகப் பெயராது, கத்தியின் வாயையும் கெடுக்காது.

2024 அக்டோபர் 12

நேற்று ஆயுத பூஜை. கத்தி, அருவாமனை, கரண்டி எல்லாவற்றையும் துலக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். அதைப் பார்த்தவுடன் எழுதத் தோன்றியது: சந்தனம் ஈரமாக இருந்து இரும்பின் மேலேயே காய்ந்தால் அதன் அடியில் வட்டமாகத் துரு பூக்கும். பட்டறைக் கத்திக்குக் கட்டாயம் பூக்கும். பொட்டை எப்போதும் கைப்பிடியில் வையுங்கள், அல்லது இரும்பில் எண்ணெய் தடவி அதன்மேல் வையுங்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்போது தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வேலைக்கு எடுங்கள்.

2024 டிசம்பர் 8

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் கரை கடந்து, அதன் பின்னாலேயே தென்பெண்ணை ஆற்றில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் வந்து, இங்கே யாருக்கும் கத்தியைப் பற்றி நினைக்க நேரமில்லை. இப்போது வீட்டைக் கழுவிக்கொண்டிருப்பவர்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

வெள்ளத் தண்ணீர் தொட்ட கத்தியை அப்படியே துடைத்துப் பயன்படுத்தாதீர்கள். அந்தத் தண்ணீரில் சாக்கடையும் சேர்ந்து வந்தது. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுங்கள். சூட்டால் பதம் போகாது என்று மே மாதம் எழுதியதை நம்பித் தைரியமாக முக்கலாம். பிளாஸ்டிக் கைப்பிடிச் சாதாரணக் கத்திகளைக் கரண்டிகளோடு சேர்த்து டிஷ்வாஷரில் சூடான ஓட்டத்தில் போடுங்கள், இந்த ஒரு வேலைக்கு மெஷினை மனதாரப் பரிந்துரைக்கிறேன். வெள்ளத்தில் நாள்கணக்கில் ஊறிய மரக் கைப்பிடியை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது போடச் சொல்லுங்கள்.

வெள்ளம் வராத வீட்டிலும் கரண்ட் இல்லாத அந்த நாட்களின் ஈரத்தில் டிராயருக்குள்ளேயே இரும்புக் கத்திகள் சிவந்துபோயின. புளியும் சாம்பலும் சேர்த்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் மேல்துரு முழுதும் போய்விடும். கழுவி, துடைத்து, அடுப்புப் பக்கம் கொஞ்சம் காயவைத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு துணியில் தொட்டுப் பூசுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுவென்று கெட்டிப்படும். கத்தியைச் செருப்புத் தோல் உறையிலோ அட்டையிலோ வைத்து மூடாதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கடற்காற்று அடிக்கிற வீட்டில் சுவரில் காந்தப் பட்டை அடித்து ஒட்டவைப்பது நல்லது, காற்றாடிக் காய்ந்துவிடும். ஒட்டும்போது முதுகு முதலில் படட்டும், எடுக்கும்போது முதுகு கடைசியில் விடட்டும்.

2025 ஜனவரி 19

லாஸ்பேட்டை அம்மா எழுதியிருக்கிறார். கத்தி இதுவரை மெஷினுக்குள் போகவில்லை, தக்காளியை இப்போதும் சர்ரென்று வெட்டுகிறது. பொங்கலன்று பேரப்பிள்ளைகளுக்காக அதிலேயே கரும்பை வெட்டியிருக்கிறார், கத்தியின் வாயில் கடுகளவு பல் விழுந்துவிட்டதாம். தூக்கிப் போட வேண்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம் அம்மா. கரும்புக் கணுவுக்கு அரிவாள்தான், இனி அந்தக் கத்தியை அதற்கு எடுக்காதீர்கள். கடுகளவு பல்லுக்காக 400 எண் சொரசொரப்புக் கல்லில் போட்டுத் தேய்த்து இப்போதே இரும்பை வீணாக்கத் தேவையில்லை. வழக்கம்போல 1000 எண் கல்லில் தீட்டி வாருங்கள், ஒவ்வொரு தீட்டலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து மறைந்துவிடும். அதுவரை கீரைத் தண்டு அதில் மாட்டும், மற்ற எதற்கும் தொந்தரவு இருக்காது. அதற்கு மேல் பெரிதாகத் தெரிந்தால் கடலூர் பக்கம் வரும்போது எடுத்து வாருங்கள், கல் என்னிடம் இருக்கிறது.